பூஜைக்கு வச்ச பெட்டி

ஆயுத பூஜை வந்தா அந்தத் தோல்ஷாப்புல அமலனுக்குத்தான் டூட்டி. யாரும் எழுதி ஒட்டலை, ஆனாலும் அதுதான் சட்டம். மத்தவங்க எல்லாம் காலையில மிஷினுக்குச் சந்தனம் பூசி, சாமி கும்பிட்டு, பொரிகடலைப் பொட்டலத்தோட வீட்டைப் பாக்கப் போயிருவாங்க. அமலன் வேதக்காரன், அவனுக்கு என்ன பூஜை? இருக்கட்டும், ஆபீஸ்ல ஒரு தலை தெரியணும்ல. சரி, அப்ப கிறிஸ்மஸுக்கு அவனுக்கு லீவான்னு கேட்டுறாதீங்க. போன கிறிஸ்மஸுக்குக் கோயில்ல பூசை முடிஞ்சு வெளிய வந்தவனை, கேமரா தெரியலைன்னு முதலாளி போன் போட்டுக் கூப்பிட்டாரு. வாயில கேக்கோட வந்து சேந்தான்.

திண்டுக்கல்லுக்கு வெளிய பைபாஸைத் தாண்டி, மண்ரோட்டுல இறங்கினா மணிமாறனோட தோல்ஷாப்பு. பச்சைத் தோலை வாங்கி, சுண்ணாம்புல ஊறப்போட்டு, மயிரு எடுத்து, பதம் போட்டு விக்கிற இடம். முன்னால ஆபீசு, நடுவுல தோலைப் போட்டுச் சுத்துற டிரம்மு ஷெட்டு, கடைக்கோடியில கழிவுத்தண்ணித் தொட்டி. அமலன் அங்க கேமரா, கம்ப்யூட்டர், நெட்டு பாக்குறவன். அந்த நாத்தம் இருக்கே, சேந்த புதுசுல மத்தியானச் சோத்தைத் தொறக்காமலே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோவான். கொஞ்ச மாசம் போச்சு, வீட்டுல மீன்கொழம்பு கொதிச்சாலும் மணம் தெரியலை. அங்க வேலை பாக்குறவன் மூக்கு அம்புட்டுத்தான்.

தொட்டின்னா வீட்டுத் தொட்டி இல்லை. மூணு ஆள் ஆழம். மேல கான்கிரீட் மூடி, ஒரு ஆள் நுழையிற அளவுக்கு வாய். ஷாப்புல இருந்து வர்ற அம்புட்டு அழுக்கும் அங்கதான் தேங்கும். மேலாக்க உள்ளதை வண்டி வச்சு உறிஞ்சிருவாங்க. அடியில மூலையில இறுகிப்போன சகதி இருக்கே, அதுக்கு எந்த வண்டியும் ஆகாது, மனுசன்தான் இறங்கணும். மனுசன் இறங்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. அந்தச் சட்டம் ஆபீஸ் சுவத்துல கண்ணாடி போட்டு மாட்டியிருக்கு. ஆயுத பூஜையன்னைக்கு அதுக்கும் சேத்துச் சந்தனம் வச்சாங்க.

இறங்குற ஆளு அழகர். சாணார்பட்டிப் பக்கம், காண்ட்ராக்டர் நல்லுசாமிகிட்ட வேலை. மேல நின்னு கயிறு பிடிக்க இஞ்ஞாசின்னு ஒருத்தன். அழகருக்குன்னு ஒரு முறை உண்டு. மூடியைத் தொறந்து நல்லா ஆறப்போடுவாரு. வேப்பங்கொழையை ஒடிச்சுக் கயித்துல கட்டி, பாழுங்கிணத்துல விசவாயுவை விரட்டுற மாதிரி, உள்ள விட்டு ஏத்தி இறக்கி விளாசுவாரு. அப்புறம் அரிக்கேன் விளக்கை இறக்குவாரு. அது அணைஞ்சா அன்னைக்கு வேலை இல்லை. நல்லுசாமி பக்கத்துல நின்னு வைவான். "ஏன்யா, மாப்பிள்ளை அழைப்புக்கா ஜோடிக்கிற? இறங்கித் தொலையேன்யா!" அழகர் காதுலயே போட்டுக்கிட மாட்டாரு.

இந்தத் தை மாசம் அதிகாரிங்க வந்து, விசவாயுவை அளக்குற கருவி வைக்காட்டி ஷாப்பைப் பூட்டிருவோம்னுட்டுப் போனாங்க. முதலாளி இருக்கிறதுலயே விலை குறைஞ்சதாப் பாத்து வாங்கிப் போட்டாரு. தொட்டி உள்சுவத்துல ஒரு சென்சார். அது சொல்ற அளவு ஆபீஸ் கம்ப்யூட்டருக்குப் போகும். கம்ப்யூட்டர் பாத்து, தொட்டி வாய் ஓரத்துக் கம்பத்துல பச்சை விளக்கோ சிவப்பு விளக்கோ போடும். சிவப்புன்னா சைரனும் சேந்து அலறும்.

அதுக்கு ஒயர் இழுத்த அன்னைக்கு, ஏணியைப் பிடிச்சுக்கிட்டு நின்ன அழகர் கேட்டாரு. "ஏன் தம்பி, கருவி குழிக்குள்ள கெடக்கு, கம்ப்யூட்டரு அந்தக் கோடியில இருக்கு. அங்க போக இதுக்கு எப்படி வழி தெரியும்?"

"தெரியாதுண்ணே," அப்படின்னான் அமலன்.

"தெரியாதா? அப்ப எதுக்குய்யா இம்புட்டு ஒயரு?"

"எந்த நெட்டுப் பெட்டிக்கும் முழு வழி தெரியாது. அடுத்து யாருகிட்ட குடுக்கணும்னு மட்டுந்தான் தெரியும். ஒட்டஞ்சத்திரம் மார்க்கெட்டுல பாத்திருப்பீங்கள்ல, முருங்கக்கா மூட்டையில கோழிக்கோடுன்னு எழுதிக் கெடக்கும். லோடுமேனுக்குக் கோழிக்கோடு எந்தத் திக்குன்னு தெரியுமா? கேரளா மூட்டைன்னா இந்த லாரி, அம்புட்டுத்தான் அவனுக்கு. தூக்கிப் போட்டுட்டு அடுத்த மூட்டைக்குப் போயிருவான். லாரிக்காரன் பாலக்காட்டுல இன்னொருத்தன்கிட்ட இறக்குவான். இப்படியே கைமாறி, கைமாறி…"

"போய்ச் சேந்துரும்."

"அதேதான். இந்தா, தொட்டி ஷெட்டுல மாட்டியிருக்கேன்ல பெட்டி, இதுக்கு ரெண்டே உத்தரவு. எது வந்தாலும் ஒயர் வழியா ஆபீஸ்ல இருக்கிற பெரிய பெட்டிக்குக் குடு. ஆனா வாயு அளவு வந்தா மட்டும் ஒயர்ல குடுக்காத. தண்ணி டேங்கு மேல இருக்கிற, ஒயரில்லாமக் காத்துல அனுப்புற டிஷ்ஷு வழியா, ஆபீஸ் சின்னப் பெட்டிக்குக் குடு."

"அதென்ன அதுக்கு மட்டும் தனி வழி?"

"ஒயரை எலி கடிக்குது, லாரி அறுக்குது. உங்க உசுரு அதுல தொங்கக் கூடாதுல்லண்ணே."

அழகர் லேசுப்பட்ட ஆளில்லை. "எது வந்தாலும்னு சொல்லிட்ட. அப்ப இதுவும் அதுல சேத்திதான? ரெண்டு உத்தரவும் முட்டாதா?"

"பொதுவாச் சொன்னது ஒண்ணு, பேரைச் சொல்லிச் சொன்னது ஒண்ணுன்னா, பேரைச் சொன்னதுதான் ஜெயிக்கும். பெட்டிக்கு அது வேதவாக்கு."

"சரி. அந்த அடுத்த ஆளு இல்லாமப் போயிட்டா?"

"அதுக்கும் வழி இருக்கு. அடுத்த ஆளு இருக்கானான்னு அப்பப்பத் தட்டிப் பாரு, பதில் வரலைன்னா பொது வழியில குடுன்னு ஒரு செட்டிங் இருக்கு. அதையும் போட்டுருவேன்."

போட்டானா? போடலை. மறுநாள் அதிகாரி வர்றாங்கன்னு முதலாளி அவன் தலைமேல ஏறி உக்காந்திருந்தாரு. விளக்கு எரிஞ்சாச் சரின்னு முடிச்சிட்டான். அப்புறம் போடலாம், அப்புறம் போடலாம்னு ஆடியும் போச்சு, ஆவணியும் போச்சு. நம்ம ஊருல இந்த 'அப்புறம்' தின்ன உசுருக்குக் கணக்கு உண்டா? ஒரு டிக்கு. ஒரே ஒரு டிக்கு போடணும். அடப்பாவி மனுசா!

விளக்கு வந்த பிறகும் கொஞ்ச நாள் அழகர் கொழையை விடலை. அமலன்தான் சொன்னான். "அண்ணே, உங்க மூக்கையும் அரிக்கேனையும்விட இது துல்லியம். பச்சை எரிஞ்சா நம்பி இறங்குங்க." பாசத்துலதான் சொன்னான். நல்லுசாமிக்கு அது பழம் நழுவிப் பாலுல விழுந்த மாதிரி. கொழை போச்சு, அரிக்கேன் போச்சு. இறங்குமுன்ன கம்பத்தைப் பாத்து ஒரு கும்பிடு, அதோட சரி. "உன் விளக்குதான் தம்பி இப்ப எனக்கு அய்யனாரு"ம்பாரு அழகர். அமலன் சிரிச்சுக்குவான்.

ஆயுத பூஜையன்னைக்குக் காலையில ஆபீஸ்ல கூட்டம். வாழைக்கன்னு, மாவிலைத் தோரணம், சரஸ்வதி படம். கணக்குப் பாக்குற ஜீவிதாதான் முன்ன நின்னு எல்லாம் செஞ்சா. தோல் சீவுற கத்தி, தராசு, லாரிச் சாவி, கால்குலேட்டர் எல்லாம் படத்துக்கு முன்னால வந்துருச்சு. வச்சதை மறுநாள் மறுபூஜை போட்டுத்தான் எடுக்கணும். அதுவரைக்கும் ஆயுதத்துக்கு ஓய்வு, கை படக் கூடாது.

"அண்ணே, நெட்டுப் பெட்டி ஒண்ணாச்சும் வைக்கணும்ல?" ஜீவிதா கேட்டா. "அதுவும் ஆயுதந்தான?"

"நெட்டை நிறுத்த முடியாதும்மா."

முதலாளி மணிமாறன் பட்டு வேட்டியோட அங்கதான் நின்னாரு. "என்னலே அமலா, எங்க சாமிக்கு உன் பெட்டியை வைக்க மனசு வரலையோ?" சிரிச்சுக்கிட்டேதான் கேட்டாரு. சுத்தி நின்னவங்களும் சிரிச்சாங்க.

அமலனுக்குக் காது சூடேறிப்போச்சு. எட்டு வருசமா அங்க சக்கரைப்பொங்கலைத் தின்னுருக்கான். திருநீறு குடுத்தா ரெண்டு கையாலயும் வாங்கி, காகிதத்துல மடிச்சுப் பையில வச்சிருக்கான். ஒரு நாள் வேணாம்னு சொன்னதில்லை. அப்படி இருந்தும் கடைசியில 'எங்க சாமி, உன் பெட்டி'தான். இன்னைக்கு மாட்டேன்னு சொன்னா அது நாளைக்கு வேற கதையாத் திரும்பும்னு அவனுக்குத் தெரியும்.

சுவத்து ராக்குல ரெண்டு பெட்டி. பெரியதை எடுத்தாக் கேமரா போயிரும், முதலாளி வீட்டுல இருந்தே போன்ல பாக்குற ஆளு. சின்னதை எடுத்தா வாயு அளவு வராது. வராட்டி என்ன? லீவு நாளு. டிரம்மு சுத்தாது, தண்ணி விழாது, தொட்டிப் பக்கம் ஒரு காக்கா போகாது. அளவு வராட்டி விளக்கு அணைஞ்சு கெடக்கும். காலையில மாட்டிட்டாப் போச்சு. இப்படித்தான் நினைச்சான். அவன் கையாலயே ஒயரைப் பிடுங்கி, கர்ச்சீப்பால தூசி துடைச்சு, ரெண்டு கையாலயும் நீட்டினான். ஜீவிதா மூணு விரல்ல சந்தனம் இழுத்து நடுவுல குங்குமம் வச்சா. தீபாராதனை முடிஞ்சதும் முதலாளி அவன் தோள்ல தட்டினாரு. அந்தத் தட்டு அவனுக்கு இனிச்சுச்சு. பொய் சொல்லக் கூடாது, இனிச்சுச்சு.

மத்தியானம் ஆபீஸ்ல அவனும் ஜீவிதாவும்தான். அவ மிச்சப் பொரியைப் பொட்டலம் போட்டுக்கிட்டிருந்தா. இவன் ஒரு கை பொரியை வாயில போட்டுக்கிட்டு, பொழுது போகாமக் கேமராவைப் பாத்துக்கிட்டிருந்தான். தொட்டிக் கேமராவுல ஆள் நடமாட்டம்.

பின்கேட்டு வழியா நல்லுசாமி ஆளுங்களைக் கொண்டாந்து விட்டுட்டு டீ குடிக்கப் போயிட்டான். ஷாப்பு நின்னாத்தான் தொட்டி வத்தும், வத்தினாத்தான் அடிச்சகதி கைக்கு வரும். மாமூலா தீபாவளி லீவுலதான் இந்த வேலை. இந்தத் தடவை தீபாவளியை ஒட்டி அழகர் மகளுக்கு வளைகாப்பு. முன்னக்கூட்டியே முடிச்சிருவோம்னு அழகரே கேட்டு வாங்கின நாளு அது. ஆபீஸ்காரன் ஒருத்தனுக்கும் தெரியாது. தெரியணும்னு எவனும் நினைக்கவுமில்லை.

மூடி தொறந்து கெடந்துச்சு. அழகர் வெத்து ஒடம்போட, இடுப்புல கயித்தைக் கட்டிக்கிட்டு நின்னாரு. அண்ணாந்து கம்பத்தைப் பாத்தாரு. அமலனும் பாத்தான்.

பச்சை எரிஞ்சுச்சு.

எப்படி எரியும்? அளவே வராம எப்படிய்யா எரியும்? அவன் பொரியைக் கீழ கொட்டிட்டு அடுத்த கம்ப்யூட்டரைத் தட்டினான். வாயு அளவு பூஜ்யம். காலையில இருந்து வரிசையாப் பூஜ்யம். அப்பத்தான் அவனுக்கு எல்லாம் விளங்குச்சு. சென்சார் அளவைச் சொல்லிக்கிட்டேதான் இருந்திருக்கு. தொட்டி ஷெட்டுப் பெட்டி உத்தரவைப் பாத்து, டிஷ்ஷு வழியில சின்னப் பெட்டிக்குக் குடுக்கப் பாத்திருக்கு. அந்தப் பக்கத்து ஒயரும் டிஷ்ஷும் நல்லா இருக்கிறதால, வழி இருக்குன்னே அது நம்பிருச்சு. சின்னப் பெட்டியே எங்க இருக்க, எங்க இருக்கன்னு கூவிக் கூவிப் பாத்து, பதில் இல்லாம அளவைக் கீழ போட்டுருச்சு. போய்ச் சேரலைன்னு சென்சாருக்குத் தாக்கல்கூடச் சொல்லியிருக்கும். கேக்க அந்த மலிவுச் சாமானுக்குக் காது ஏது? பக்கத்துலயே ஒயர் சும்மாக் கெடந்துச்சு, அதுல குடுத்திருந்தா நொடியில வந்திருக்கும். குடுக்காது. பேரைச் சொல்லிச் சொன்ன உத்தரவு இருக்கிற வரைக்கும் பொது வழியை அது திரும்பியும் பாக்காது. இங்க கம்ப்யூட்டர்ல மென்பொருள் எழுதின புண்ணியவான், வராததைப் பூஜ்யம்னு எடுத்துக்கன்னு எழுதி வச்சிருக்கான். பூஜ்யம்னா வாயு இல்லை. வாயு இல்லைன்னாப் பச்சை.

கேமராவுல அழகர் கம்பத்தைப் பாத்து ஒரு கும்பிடு போட்டாரு. ஏணியில காலை வச்சாரு.

"அண்ணே! இறங்காதீங்கண்ணே!" கேமராவைப் பாத்துக் கத்தினான். கேமராவுக்கா கேக்கும்? அழகர் போனுக்கு அடிச்சான். அது கழட்டிப் போட்ட சட்டைப் பையில கெடந்து அடிச்சிருக்கும். நல்லுசாமி போன் பிசி.

ஓடணும். எந்திரிச்சான், வாசல்வரைக்கும் வந்தான். அங்கதான் கால் ஒரு பக்கம் இழுத்துச்சு, கை ஒரு பக்கம் இழுத்துச்சு. தொட்டி கடைக்கோடியில, பெட்டி எட்டுற தூரத்துல. மாட்டினாச் சைரன் அடிக்கும், அடிச்சா மேல வந்துருவாரு. எட்டு வருசமா எது நின்னாலும் பெட்டியைத்தான் போய்த் தொட்ட கை அது. திரும்பிட்டான்.

"அண்ணே, என்னண்ணே செய்யிறீங்க! மறுபூஜை போடாம எடுக்கக் கூடாதுண்ணே!" ஜீவிதா குறுக்க வந்தா. அவளைத் தள்ளிவிட்டான். வாழையிலை கிழிஞ்சு பொரி சிதறிச்சு, விளக்கு சாஞ்சு எண்ணெய் கொட்டிச்சு. சந்தனம் ஒட்டின பெட்டியை ராக்குல வச்சு ஒயரைக் குத்தினான். பெட்டியோட முதல் விளக்கு எரிஞ்சுச்சு. அப்புறம் அணைஞ்சுச்சு. மறுபடி மினுக்குச்சு. தூங்கி எந்திரிக்க அந்தப் பெட்டிக்கு ஒரு நேரம் வேணும், நாம அவசரப்பட்டா அதுக்கு என்ன? "மாதாவே, எந்திரிக்கச் சொல்லு தாயே, எந்திரிக்கச் சொல்லு"ன்னு சுவத்துல தலையை முட்டிக்கிட்டு நின்னான்.

திரையில இஞ்ஞாசி குனிஞ்சு உள்ள பாத்தான். கயித்தைச் சுண்டினான். மறுபடி சுண்டினான். வாயைத் தொறந்து என்னமோ கத்தினான். சத்தம் வராத கேமரா அது. தலையில தலையில அடிச்சுக்கிட்டு, அவனும் ஏணியில காலை வச்சான்.

அந்த நேரம் பாத்துச் சைரன் அடிச்சுச்சு.

எப்படி அடிச்சுச்சு தெரியுமா? மண்ரோடு தாண்டி, பைபாஸ்ல போறவன் வண்டியை நிறுத்திப் பாக்குற அடி. இஞ்ஞாசி திடுக்கிட்டு மேல பாத்தான். சிவப்பு. காலை எடுத்துட்டான். அவனுக்கு உசுரு அதுலதான் மிஞ்சுச்சு.

அதுக்குப் பொறகு அமலன் ஓடினான். செருப்பு எங்க போச்சுன்னு தெரியலை. ரெண்டு பேரும் கயித்தைப் பிடிச்சு இழுத்தாங்க. தொட்டி வாய்க்கு முதல்ல வந்தது அழகரோட கை. அப்புறம் தலை. மூஞ்சி முழுக்கச் சகதி. அமலன் சட்டையைக் கழட்டித் தொடைச்சான். தொடைச்சும் பிரயோசனம் இல்லை. சைரன் அலறிக்கிட்டே கெடந்துச்சு, நிறுத்த ஆளில்லை. இஞ்ஞாசி அழுதது அவன் பக்கத்துலயே நின்ன அமலனுக்குக் கேக்கலை.

சாயங்காலம் முதலாளி வந்தாரு. பட்டு வேட்டியை மாத்தியிருந்தாரு. அமலனை உள்ள கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாரு.

"சைரன் அடிச்சுச்சா?"

"அடிச்சுச்சு சார். ஆனா…"

"ஊரே கேட்டுச்சா?"

"கேட்டுச்சு சார். ஆனா அவரு இறங்கும்போது பச்சை…"

"அம்புட்டுத்தான். சைரன் அடிச்சும் கேக்காம இறங்கியிருக்கான். குடிச்சிருந்தான்னு நல்லுசாமி சொல்றான். நீ ஒண்ணும் பேச வேணாம்." மேசையைச் சுத்தி அவன் கிட்ட வந்தாரு. "ஏலே, பெட்டியைப் பிடுங்கினது யாரு கை?"

 அமலன் அடிக்க வச்ச சைரனே முதலாளிக்குச் சாட்சி ஆயிருச்சு. இஞ்ஞாசியை நல்லுசாமி ராவோட ராவா ஒட்டஞ்சத்திரத்துக் காய்கறி லாரியில ஏத்தி, கேரளாவுக்கு வேலைன்னு அனுப்பிட்டான். ஷாப்புல இன்னொரு பேச்சும் ஓடிச்சு. வேதக்காரன் மறுபூஜைக்கு முந்தியே பெட்டியைத் தூக்கினான்ல, அதான் காவு வாங்கிருச்சாம். அமலன் அதைக் கேட்டுக்கிட்டு, தொட்டி ஷெட்டுக்குப் போய் அந்த ஒத்தை டிக்கைப் போட்டான். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். 

காரியம் முடிஞ்சு கொஞ்ச நாள்ல அழகர் பொஞ்சாதி சோலையம்மா வெளிய கிளம்பிருச்சு. அதுக்கு வேண்டியது ஒரே ஒரு பதில். மகளோட மாமியார் வீட்டுல, குடிச்சுட்டுச் செத்தவன் மகளுக்கு வளைகாப்பு ஒண்ணுதான் கேடான்னு பேசிட்டாங்க. வயித்துப்பிள்ளைக்காரி ராப்பகலா அழுகுறா. நல்லுசாமிகிட்ட போச்சு. முதலாளியைக் கேளுன்னான். முதலாளிகிட்ட வந்துச்சு. கேசு ஸ்டேஷன்ல இருக்கு, அங்க கேளும்மான்னாரு. ஸ்டேஷன்ல, ஆளைக் கூட்டிட்டுப் போன காண்ட்ராக்டரைக் கேளுன்னாங்க. திரும்பவும் நல்லுசாமி. திரும்பவும் முதலாளி. சாணார்பட்டியில இருந்து பஸ் ஏறி ஏறி அந்தப் பொம்பளை காலு வீங்கிப்போச்சு.

நெட்டுலயும் இப்படி நடக்கும். இவன் அவன்கிட்ட குடும்பான், அவன் இவன்கிட்ட குடும்பான், நடுவுல தகவல் செக்குமாடா சுத்தும். அதுக்காகவே ஒவ்வொரு தகவலுக்கும் இத்தனை கைதான் மாறலாம்னு ஒரு எண்ணிக்கை போட்டு அனுப்புவாங்க. கைமாறக் கைமாற அது குறையும், தீந்ததும் அந்தத் தகவலைக் கீழ போட்டுருவாங்க. சோலையம்மா கேட்டுல நுழையுறதைக் கேமராவுல பாக்கும்போதெல்லாம் அமலனுக்கு அதுதான் ஞாபகம் வரும். இந்தப் பொம்பளைக்கு எப்பத் தீரும்னுதான் அம்புட்டுப் பேரும் காத்திருந்தாங்க.

ஒரு நாள் சோலையம்மா நேரா அமலன் மேசைக்கு வந்துச்சு. அவன் எந்திரிச்சு நின்னுட்டான்.

"தம்பி, உன்னை ஒண்ணு கேக்கணும்."

"முதலாளிகிட்ட கேளுங்கக்கா." கேக்குறதுக்கு முந்தியே வாய் தானாச் சொல்லிருச்சு.

"அவருகிட்ட கேட்டுட்டுத்தான்ய்யா வாரேன். விளக்கு விசயம் எல்லாம் நெட்டுக்காரனுக்குத்தான் தெரியும், போய் அவனைக் கேளுன்னாரு."

அமலன் கண்ணாடிக் கதவைப் பாத்தான். உள்ள முதலாளி தலையைத் தூக்காம போன்ல என்னமோ பாத்துக்கிட்டிருந்தாரு. இவன் சொல்ல மாட்டான்னு அம்புட்டு நம்பிக்கை.

"அவரு குடிப்பாரு தம்பி, நான் இல்லைங்கலை," சோலையம்மா சொல்லிச்சு. "ஆனா இறங்குற நாள்ல பச்சைத்தண்ணி தவிர ஒண்ணும் பல்லுல படாது. உன்னைப் பத்திப் பேசுவாரு. அந்தத் தம்பி விளக்கு வச்சதுல இருந்து பயமில்லாம இறங்குறேன் சோலைம்பாரு. எனக்கு வேற ஒண்ணும் வேணாம். அவரு இறங்கும்போது பச்சை எரிஞ்சுச்சா, சிவப்பு எரிஞ்சுச்சா? அதை மட்டும் சொல்லு."

ஸ்டேஷன்ல கேளுங்கக்கான்னு சொல்ல நாக்கு எந்திரிச்சுச்சு. சொல்லியிருப்பான். சோலையம்மா காலைப் பாத்தான். ரப்பர் செருப்போட வாரு அறுந்து, ஊக்கு குத்தியிருந்துச்சு.

"பச்சைதான்க்கா," அப்படின்னான்.

அதுக்கப்புறம் நிறுத்த முடியலை. பெட்டி, பூஜை, டிக்கு, பூஜ்யம், எல்லாத்தையும் கொட்டினான். பிடுங்கிக் குடுத்தது நான்தான்க்கா, நம்பி இறங்குங்கன்னு சொன்னதும் நான்தான்க்கான்னு அழுதான். பொரிப் பொட்டலம் மாதிரி ஒரு ஓரமா ஒடுங்கி நின்ன ஜீவிதாவும் அழுதா. சோலையம்மா அழுகலை. நாற்காலி நுனியில உக்காந்து கேட்டுக்கிட்டே இருந்துச்சு.

"அப்ப சைரன் எப்ப அடிச்சுச்சு?"

"அவரு விழுந்த பொறகு. நான் பெட்டியைத் திரும்ப மாட்டின பொறகு."

"அவரு இறங்குறதை நீ டிவியில பாத்த?"

"பாத்தேன்க்கா."

"பாத்துட்டு, போய்ப் பெட்டியை மாட்டின."

"ஆமாக்கா."

சோலையம்மா அவன் மூஞ்சியையே பாத்துச்சு. "நீ ஓடியாந்திருந்தா?"

 அந்தக் கேள்வியை அன்னையில இருந்து அமலனே கேட்டுக்கிட்டுத்தான் இருந்தான், தூக்கத்துலயும் கேட்டான். அடுத்தவங்க வாயில வந்தப்பதான் அதுக்கு அவன்கிட்ட பதிலே கிடையாதுன்னு தெரிஞ்சுச்சு. தலையைக் குனிஞ்சுக்கிட்டான்.

கண்ணாடிக் கதவு தொறந்துச்சு. "என்னலே அங்க அழுகை?" அப்படின்னாரு முதலாளி. யாரும் அவரைத் திரும்பிப் பாக்கலை.

சோலையம்மா எந்திரிச்சு முந்தானையை இடுப்புல சொருகிச்சு. "என்கிட்ட சொன்னதை ஸ்டேஷன்ல வந்து சொல்லு. அப்படியே என் சம்மந்தி வீட்டுக்கும் வந்து சொல்லு."

"நீங்க முன்னால போங்கக்கா, வண்டியை எடுத்துட்டு வாரேன்."

"வேணாம். உன்னை விட்டா நீயும் யாரையாச்சும் கைகாட்டி விட்டுருவ. இப்பவே நட."

அமலன் முன்னால நடந்தான். கேட்டைத் தாண்டி மண்ரோட்டுல ஏறினாங்க. அறுந்த செருப்பை இழுத்து இழுத்து, அவன் எங்கயும் திரும்பிராமப் பாத்துக்கிட்டே, சோலையம்மா பின்னால வந்துச்சு.